நெய்த சாரனும் நெய்த வாப்பாவும்

(கல்முனையில் ஆங்கில ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தங்கள் வாப்பாவின் நினைவாக இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய குடும்பத்தார் என்னை அழைத்தபோது, "சேர், பிள்ளைகளுக்குப் பிரயோசனமான ஒரு விடயத்தைப் பேசுங்க" என்றுதான் கேட்டார்கள். பல நாள் யோசித்தேன். முப்பத்து மூன்று வருடம் இந்தக் கரையோரத்தில் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். அந்த வருடங்களில் என் மாணவர்களை மிகக் கூடுதலாக அலைக்கழித்தது எது என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். ஆங்கில வினைச்சொல்லின் வாலில் ஒட்டியிருக்கும் இரண்டு மூன்று எழுத்துகள்தான். 'இங்' என்று முடிப்பதா, 'எட்' என்று முடிப்பதா? 'போரிங்' என்பதா, 'போர்ட்' என்பதா? இன்றைய பேச்சு முழுவதும் இதைப் பற்றியதுதான்.

இது சின்ன விடயம் அல்ல. பட்டம் முடித்த பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு என் வீட்டு முற்றத்துக்கு வருவார்கள். பத்தில் நான்கைந்து கடிதங்களின் முதல் வரியிலேயே 'ஐ ஆம் வெரி இன்டரஸ்டிங் இன் திஸ் போஸ்ட்' என்று இருக்கும். 'இந்தப் பதவியில் எனக்கு ஈடுபாடு உண்டு' என்று சொல்ல வந்த பிள்ளை, 'நான் மிகவும் சுவாரசியமான ஆள்' என்று எழுதிவிடுகிறது. கடிதத்தைப் படிக்கும் அதிகாரி இரண்டாவது வரிக்குப் போகாமலே விடலாம். நான்கு வருடப் படிப்பை ஒரு வால் மறைத்துவிடுகிறது. அந்தப் பிள்ளை கவனமில்லாமல் எழுதியது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அது தமிழில் மிகச் சரியாக யோசித்திருக்கிறது. நாங்கள்தான் அதற்குப் பிழையான கேள்வியைக் கற்றுக்கொடுத்துவிட்டோம்.

அந்தப் பிள்ளை தமிழில் எப்படி யோசித்தது என்று பார்க்க மருதமுனைக்குப் போவோம். அங்கே எந்த ஒழுங்கைக்குள் நடந்தாலும் தறிச் சத்தம் காதில் விழுந்த காலம் ஒன்று இருந்தது. அந்த ஊர்ப் பிள்ளை ஒன்றிடம் 'நெய்த' என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். அடுத்த சொல்லை அதுவே போட்டு முடிக்கட்டும். நெய்த வாப்பா. நெய்த சாரன். நெய்த தறி. நெய்த வீடு. நெய்த நாள். நெய்த நெசவு. ஆறு பெயர்கள் வந்துவிட்டன. 'நெய்த' மாறவே இல்லை. முதலாவதில் வாப்பா நெய்கிறார். இரண்டாவதில் சாரன் நெய்யப்படுகிறது. மூன்றாவதில் தறியைக் கொண்டு நெய்கிறார்கள், நான்காவதில் வீட்டில் இருந்து நெய்கிறார்கள். சொல்லுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. யார் செய்தது, எது செய்யப்பட்டது என்பதைக் கேட்பவர் தன் உலக அறிவால் புரிந்துகொள்வார் என்று அது நம்பி நிற்கிறது. சாரன் வாப்பாவை நெய்யாது என்று எங்களுக்குத் தெரியும்தானே.

இந்த ஆறையும் தொல்காப்பியர் எண்ணிவைத்திருக்கிறார். வினையியலில் பெயரெச்சத்தைப் பற்றிச் சொல்லும்போது இடம், செயப்படுபொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என்று ஆறு பொருள்களையும் அடுக்கி, 'செய்யும்', 'செய்த' என்ற இரு வாய்பாடுகளுக்கும் அவை ஆறும் ஒத்த உரிமை உடையவை என்கிறார். பின்னால் பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் நடுவில் 'செய்கின்ற' என்பதையும் சேர்த்து வாய்பாட்டை மூன்றாக்கினார். ஆறு பொருள் அப்படியே நின்றது. 'எச்சம்' என்ற பெயரைப் பாருங்கள். முடியாமல் எஞ்சி நிற்பது. தன்னை முடித்துவைக்க ஒரு பெயர் வரும் என்று காத்திருப்பது. இதைவிடப் பொருத்தமான இலக்கணப் பெயரை நான் எந்த மொழியிலும் கண்டதில்லை.

இனி ஆங்கிலத்துக்கு வாருங்கள். சாரனுக்கு 'வோவன்' என்று ஒரு சொல். வாப்பாவுக்கு 'வீவிங்' என்று வேறொரு சொல். இடம் மாற்றி வைத்தால் அர்த்தமே கெட்டுவிடும். 'வோவன் ஃபாதர்' என்றால் வாப்பாவை யாரோ நூலால் நெய்து வைத்திருக்கிறார்கள் என்றாகிவிடும். எங்கள் 'நெய்த' என்ற சொல்லைப் பிரித்தால் 'நெய்', 'த்', 'அ' என்று மூன்று துண்டு. நடுவிலிருக்கும் 'த்' என்ற இடைநிலை இறந்தகாலத்தைச் சொல்கிறது. 'நெய்கிற' என்பதில் 'கிற்' நிகழ்காலத்தைச் சொல்கிறது. தமிழ் எச்சம் காலத்தைத் தானே சொல்லிவிட்டு, உறவைக் கேட்பவரிடம் விடுகிறது. ஆங்கில எச்சம் உறவைத் தானே சொல்லிவிட்டு, காலத்தை வாக்கியத்திடம் விடுகிறது. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

ஆனால் நாங்கள் வகுப்பில் என்ன செய்தோம்? ஒன்றுக்கு 'பிரசென்ட் பார்ட்டிசிப்பிள்', மற்றதற்கு 'பாஸ்ட் பார்ட்டிசிப்பிள்' என்று பெயர் சொன்னோம். கரும்பலகையில் 'நிகழ்கால எச்சம்', 'இறந்தகால எச்சம்' என்று தமிழும் எழுதினோம். நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன். காலத்தைச் சொல்லும் எச்சத்தோடு பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை அந்தப் பெயர்களைப் பார்த்ததும் தனக்குத் தெரிந்த சாமான் என்று நினைத்துவிடும். 'பாடம் இப்போது அலுப்பாக இருக்கிறது, எனக்கும் இப்போதுதான் அலுப்பு, ஆகவே இரண்டுக்கும் இங்' என்று முடிவெடுத்துவிடும்.

பெயர் பொய் என்பதற்கு இரண்டு வாக்கியம் போதும். 'அடுத்த மாதம் நெய்யப்படும் சாரன் எல்லாம் எனக்கு வேண்டும்' என்பதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமென்றால், வரப்போகும் மாதத்துச் சாரனுக்கும் 'வோவன்' என்றுதான் சொல்ல வேண்டும். 'பாஸ்ட்' என்று பெயர் வைத்த சொல், எதிர்காலத்தில் நிற்கிறது. '1950இல் மருதமுனையில் நெய்துகொண்டிருந்தவர்கள்' என்பதற்கு 'வீவிங்' வரும். அந்த மனிதர்களில் பலர் இன்று மண்ணுக்குள் இருக்கிறார்கள். சொல்லின் பெயரோ 'பிரசென்ட்'. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய நாளில் பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "அப்ப ஏன் சேர் அந்தப் பேர வெச்சாங்க?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடியபோதுதான் எனக்கே தெளிவு வந்தது.

அந்தப் பெயர்கள் லத்தீன் இலக்கணத்திலிருந்து வந்தவை. அங்கே முழுப்பெயர் நீளமானது. ஒன்று நிகழ்காலச் செய்வினை எச்சம். மற்றது முடிந்தகாலச் செயப்பாட்டுவினை எச்சம். ஆங்கிலத்துக்கு வந்த பெயரில் காலம் மட்டும் தங்கியது, செய்வினை செயப்பாட்டுவினை என்ற பாதி உதிர்ந்துவிட்டது. எங்களுக்கு வேண்டியிருந்தது உதிர்ந்த பாதிதான். ராண்டால்ஃப் குவர்க்கும் அவரோடு மூவரும் சேர்ந்து 1985இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூல் இந்தக் காலப் பெயர்களை ஒதுக்கிவிட்டு, 'இங் எச்சம்', 'எட் எச்சம்' என்று வடிவத்தைக் கொண்டே அழைக்கிறது. அந்தத் துணிவு எங்கள் வகுப்பறைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: 'ஹேவ்' என்ற துணையோடு சேரும்போது 'எட்' வடிவம் பார்க்கும் வேலை வேறு. இன்று நான் பேசுவது பெயருக்கு முன்னாலும் 'இஸ்', 'ஆம்', 'ஆர்' என்பவற்றுக்குப் பின்னாலும் வரும் எச்சங்களைப் பற்றி மட்டும்.

எங்கள் பிள்ளைகளிடம் இன்னொரு திறப்பு இருக்கிறது. அதை வகுப்புக்குள் கொண்டுவரலாம் என்று நினைக்க எனக்கு இருபது வருடம் பிடித்தது. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு தொப்பியும் முக்காடுமாக ஓதப் போகிற பிள்ளைகள் அரபுச் சொற்களைக் காதால் பழகுகிறார்கள். அரபியில் இந்த இரண்டு எச்சங்களுக்கும் இருக்கும் பெயரில் காலமே கிடையாது. ஒன்று 'இஸ்முல் ஃபாஇல்', செய்தவரின் பெயர். மற்றது 'இஸ்முல் மஃபூல்', செய்யப்பட்டவரின் பெயர். முதலெழுத்து நீண்டால் செய்தவர். முன்னால் ஒரு 'ம' வந்து நடுவில் 'ஊ' நீண்டால் செய்யப்பட்டவர். காதிப், எழுதுபவர், மக்தூப், எழுதப்பட்டது. ழாலிம், அநியாயம் செய்தவன்; மழ்லூம், அநியாயம் செய்யப்பட்டவன். காலிக், படைத்தவன், மக்லூக், படைக்கப்பட்டது. 'மழ்லூமின் துஆ' என்று உம்மா சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, யார் அடித்தது யார் அடிபட்டது என்பதில் தடுமாற்றம் வருமா? வராது.

கொஞ்சம் சுற்றிப் பாருங்கள், பிள்ளைகளின் பெயர்களே பாடமாக இருக்கின்றன. நாஸிர், உதவி செய்பவர். மன்ஸூர், உதவி செய்யப்பட்டவர். ஹாமித், புகழ்பவர். மஹ்மூத், புகழப்பட்டவர். இந்த ஊரில் இரண்டு பெரிய பாடசாலைகள் இருக்கின்றன. ஸாஹிரா என்பது வடிவத்தால் செய்வோன் பக்கம், ஒளிர்வது. மஹ்மூத் என்பது செய்யப்பட்டோன் பக்கம். ஒன்றில் ஆண் பிள்ளைகளும் மற்றதில் பெண் பிள்ளைகளும் தங்கள் சட்டைப் பையின் மேல் ஆங்கில எச்சப் பாடத்தின் இரண்டு பாதிகளையும் குத்திக்கொண்டு ஒரே வீதியால் நடந்து போகிறார்கள். வகுப்பில் இதைச் சொன்ன நாளிலிருந்து 'இங்' வந்தால் "நாஸிர்" என்றும், 'எட்' வந்தால் "மன்ஸூர்" என்றும் என் மாணவர்கள் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் படித்த கலப்பு வகுப்பு ஒன்றில் அவர்களும் அப்படியே குறித்தார்கள். தங்கள் நண்பர்களின் பெயர்கள்தானே.

ஒரு மொழியை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதிய பழக்கம் அல்ல. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் தமிழோடு ஆங்கிலத்தையும் வடமொழியையும் கற்றவர். 'பிரபுத்த பாரத' என்ற ஆங்கிலச் சஞ்சிகைக்கு ஆசிரியராக இருந்தவர். எங்கள் ஊரின் பேராசிரியர் எம். ஏ. நுஃமான் தமிழையும் அரபியையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர். அவர் எழுதிய 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' ஆங்கில ஆசிரியர்களின் மேசையிலும் இருக்க வேண்டிய நூல் என்பது என் உறுதியான கருத்து. தமிழ் எச்சம் எப்படி வேலை செய்கிறது என்று அறியாதவர், தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கில எச்சத்தை எப்படிப் படிப்பிப்பது?

இனி உணர்ச்சிச் சொற்கள். பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் குவிகின்றன. 'எனக்கு அலுப்பா இருக்கு' என்கிறோம். 'பாடம் அலுப்பா இருக்கு' என்றும் சொல்கிறோம். இரண்டிலும் அதே 'அலுப்பா'. தமிழுக்கு இது போதும், ஏனென்றால் 'எனக்கு' என்ற நான்காம் வேற்றுமையே யாருக்கு அலுப்பு என்பதைச் சொல்லிவிடுகிறது. பயம், பசி, வெட்கம், களைப்பு எல்லாம் எங்களிடம் வந்து சேர்பவை. எனக்குப் பயம், எனக்கு வெட்கம். ஆங்கிலம் இதை வேறு விதமாகப் பார்க்கிறது. அங்கே பாடம் ஒரு வேலை செய்கிறது, அந்த வேலை மாணவன் மேல் விழுகிறது. அலுப்பைச் செய்வது பாடம், ஆகவே அது 'போரிங்'. அலுப்புச் செய்யப்பட்டவன் மாணவன், ஆகவே அவன் 'போர்ட்'. நான் ஒரு குறுக்கு வழி சொல்லிக்கொடுப்பேன்: தமிழில் 'எனக்கு' என்று தொடங்கினால் ஆங்கிலத்தில் 'எட்' போடுங்கள். எனக்கு ஈடுபாடு இருக்கு, இன்டரஸ்டட். எனக்குக் களைப்பா இருக்கு, டயர்ட். எனக்கு ஆச்சரியமா இருக்கு, சர்ப்ரைஸ்ட். எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 'எனக்குப் பசிக்குது' என்பதற்கு எச்சமே வராது. ஆனாலும் அந்த விண்ணப்பக் கடிதத்தின் முதல் வரியைக் காப்பாற்ற இது போதும்.

தமிழிலும் இந்தப் பிரிவு ஒளிந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது அவர்கள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். குழம்பிய மாணவன், குழப்பிய கேள்வி. நடுங்கிய பிள்ளை; நடுக்கிய குளிர். கலங்கிய தாய், கலக்கிய செய்தி. தன்வினையும் பிறவினையும்! மெல்லினம் வல்லினமாவதில் நாங்கள் செய்வதை ஆங்கிலம் வாலை மாற்றிச் செய்கிறது. கேள்வி குழப்பியது, அது 'கன்ஃபியூஸிங்'. மாணவன் குழம்பினான், அவன் 'கன்ஃபியூஸ்ட்'. இலக்கண வகுப்பில் தன்வினை பிறவினை படித்த பிள்ளை, அடுத்த பாடவேளையில் நடக்கும் ஆங்கில வகுப்பில் அதை எடுத்துப் பாவிக்க முடியாமல் இருப்பது எனக்கு மனக்கவலை தருகிறது. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே ஓய்வறையில் இருந்து தேநீர் குடிக்கிறார்கள். ஒரு நாள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டால் என்ன?

ஒரு சொல்லை நான் மறக்க மாட்டேன். 2004 டிசம்பர் 26. கடல் வந்த நாள். இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். இந்த மண்டபத்திலும் இழக்காதவர்கள் குறைவு. அடுத்த வருடத்தின் முதல் மாதங்களில் நானும் சில ஆசிரியர்களும் முகாம்களில் இருந்து, ஆங்கிலப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தோம். உயர்தரம் படித்துக்கொண்டிருந்த பெண்பிள்ளை ஒன்று தன் உம்மாவுக்காகத் தானே படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்து காட்டியது. தம்பியைப் பற்றிய இடத்தில் 'மை மிஸ்ட் பிரதர்' என்று எழுதியிருந்தது. காணாமல்போன தம்பி. 'போன' என்பது இறந்தகாலம், ஆகவே 'எட்'. தமிழ் வழியில் குற்றமே இல்லாத கணக்கு. நான் அதை 'மிஸ்ஸிங்' என்று திருத்தினேன். ஏன் என்று கேட்டது. 'மிஸ்ஸிங்' என்றால் இப்போதும் காணப்படாமல் இருக்கிற தம்பி, அந்த இல்லாமை அவனிடம் இன்னும் தொடர்கிறது என்றேன். 'மிஸ்ட்' என்று எழுதினால் அவனுக்காக மற்றவர்கள் ஏங்குகிறார்கள், அந்த ஏக்கத்துக்கு உரியவன் அவன் என்று வரும் என்றும் சொன்னேன். அது கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப ரெண்டும் சரிதானே சேர்" என்றது. "சரிதான் மகள்" என்றேன். படிவத்தில் ஒரு சொல்லுக்குத்தான் இடம் இருந்தது.

ஆங்கில எச்சம் காலத்தைப் பார்ப்பதே இல்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சில வினைகளில் பார்க்கிறது. விழுதல், வாடுதல், கொதித்தல் போன்றவை இன்னொன்றின் மேல் செய்யப்படாமல் தானே நிகழ்ந்து ஒரு முடிவுக்கு வரும் வினைகள். அங்கே செய்தவர், செய்யப்பட்டவர் என்ற கேள்விக்கு இடமில்லை. அதனால் முடியாதது 'இங்', முடிந்தது 'எட்' வடிவம் என்று காலம் உள்ளே வந்துவிடுகிறது. 1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகு எங்கள் தோட்டங்களில் கிடந்தவை 'ஃபாலன்' தென்னைகள். அவற்றின் மேல் ஏறி நாங்கள் விளையாடினோம். 'ஃபாலிங்' தென்னை என்று யாராவது கத்தினால் ஓட வேண்டும். சுகாதார அறிவித்தல்களில் 'கொதித்தாறிய நீர்' என்று ஓர் அழகான தொடர் வரும். அதற்கு ஆங்கிலத்தில் 'பாயில்ட் வாட்டர்'. 'பாயிலிங் வாட்டர்' என்று எழுதினால் கொதித்துக்கொண்டிருக்கிற நீரைக் குடிக்கச் சொன்னதாகிவிடும். இங்கே தமிழ்க் காது சரியாகவே வழிகாட்டும். பிள்ளை இந்த இடத்தில் வெற்றி பெற்ற வழியையே 'போரிங்', 'போர்ட்' வரும்போதும் பாவித்துப் பிழைவிடுகிறது என்பதை ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். என்னைப் போன்ற 'ரிட்டயர்ட்' ஆசிரியரும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்வார்; என்னை யாரும் ஓய்வுபெறச் செய்யவில்லை, வயது வந்தது, ஓய்வு பெற்றேன்.

குடிநீர்க் குழாயடியில் 'ட்ரிங்கிங் வாட்டர்' என்று எழுதியிருக்கும். "நீர் குடிக்குமா சேர்?" என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த 'இங்' எச்சமே அல்ல. குடித்தல் என்ற தொழிலின் பெயர். குடித்தலுக்கான நீர். பழைய ஆங்கிலத்தில் எச்சத்துக்கு 'எண்டெ' என்ற வாலும், தொழிற்பெயருக்கு 'உங்', 'இங்' என்ற வால்களும் தனித்தனியாக இருந்தன. நூற்றாண்டுகள் போகப் போக இரண்டும் ஒரே 'இங்'குக்குள் கலந்துவிட்டன. நாங்களோ 'குடிநீர்' என்று வினைத்தொகையாக்கிக் காலத்தையே உள்ளே மறைத்துவிட்டோம். குடித்த நீரா, குடிக்கிற நீரா, குடிக்கும் நீரா? மூன்றும்தான்.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். இது இலக்கணத்தில் இல்லை, நாக்கில் இருக்கிறது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. ஆங்கில எச்சத்தின் கடைசி 'ட்' எங்கள் வாயில் நிற்பதில்லை, காதிலும் விழுவதில்லை. 'ஃப்ரைட் ரைஸ்' என்பது 'ஃப்ரை ரைஸ்' ஆகிவிடுகிறது. வாயில் போன எழுத்து கொப்பியிலும் போய்விடும். ஆங்கிலம் பேசுபவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 'ஐஸ் கிரீம்' என்பது ஒரு காலத்தில் 'ஐஸ்ட் கிரீம்' ஆக இருந்தது. ஆகவே சிவப்பு மையை எடுப்பதற்கு முன்னால் பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எழுதாத 'ட்' அறியாத 'ட்'டா, கேட்காத 'ட்'டா என்று தெரியவரும். அறியாததற்கு விளக்கம் வேண்டும், கேட்காததற்குப் பயிற்சி வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியாது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம், ஒன்பதாம் தர வகுப்பு ஒன்றுக்கு ஒரு கைத்தறிச் சாரனைக் கொண்டுபோனேன். மேசையில் விரித்துவைத்து, 'நெய்த' என்று கரும்பலகையில் எழுதி, எஞ்சியதை நிரப்பச் சொன்னேன். வாப்பா வந்தார், தறி வந்தது, வீடு வந்தது, நாள் வந்தது. ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று பார்த்தோம். சாரனுக்கு 'பட்ட' சேர்த்துப் பார்த்தார்கள்: நெய்யப்பட்ட சாரன், பொருந்துகிறது, 'வோவன்'. நெய்யப்பட்ட வாப்பா, பொருந்தாது, 'வீவிங்'. தறிக்கும் வீட்டுக்கும் நாளுக்கும் ஆங்கில எச்சம் எட்டவில்லை. 'இன் விச்', 'வென்' என்று நீட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. தமிழ் ஒரே சொல்லில் சொன்னதற்கு ஆங்கிலம் ஒரு வாக்கியத் துண்டையே எடுத்ததைக் கண்டு அவர்களுக்குப் பெருமையாக இருந்தது. எனக்கும்தான்.

அப்போது ஜன்னலோரம் இருந்த பிள்ளை கையை உயர்த்தியது. வீட்டில் தறி இருக்கிற பிள்ளை. "சேர், நெய்த களைப்பு?" என்று கேட்டது.

தொல்காப்பியரின் ஆறையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். செய்தவர் இல்லை, செய்யப்பட்டது இல்லை, கருவியும் இல்லை, இடமும் காலமும் இல்லை, வினையும் இல்லை. நெய்ததால் வந்த களைப்பு. இதை எங்கே வைப்பது என்று உடனே தெரியவில்லை. வீட்டுக்குப் போய் உரைகளைப் புரட்டிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். "இங்கிலிஷில எப்படிச் சேர் சொல்ற?" என்று விடாமல் கேட்டது. அந்தக் களைப்பு யாருக்கு என்று கேட்டேன். "வாப்பாக்கு." அப்படியென்றால் வாப்பா 'டயர்ட்'. களைக்கச் செய்தது எது? "நெசவு." அது 'டயரிங்'. பிள்ளை இரண்டையும் கொப்பியில் எழுதிக்கொண்டது. ஒன்றின் பக்கத்தில் மன்ஸூர் என்றும், மற்றதன் பக்கத்தில் நாஸிர் என்றும் பென்சிலால் குறித்தது. பிறகு 'டயர்ட்' என்பதன் கடைசி எழுத்தை மட்டும் மறுபடி ஒருமுறை அழுத்தி எழுதியது.